புகைபோக்கி இல்லாத கூரை

ஜூன் 12

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் அம்மாவும் நலம். போனில் பேச ஆரம்பித்தால் நீயும் நானும் சண்டையில்தான் முடிக்கிறோம் என்று அம்மா இனிமேல் கடிதம்தான் என்று தீர்ப்பே சொல்லிவிட்டாள். "எழுதுறப்ப ஒருத்தருக்கொருத்தர் குறுக்க பேச முடியாதுல்ல" என்கிறாள். நியாயம்தானே.

எங்கள் நுண்கலைத் துறைக் கட்டடத்தின் திறப்பு விழா மேடையிலிருந்து இறங்கியதும் விமானத்தைப் பிடிக்க ஓடிவிட்டாய். நீ கட்டியதை நீயே சரியாகப் பார்க்கவில்லை. அதனால் நான் பார்த்துச் சொல்கிறேன். தகரக் கொட்டகையில் இத்தனை வருடம் பாடம் நடத்தியவளுக்கு, வளாகத்திலேயே அழகான கட்டடத்துக்குள் காலையில் நுழைவது இன்னும் கூச்சமாகத்தான் இருக்கிறது. யார் வீட்டுக்கோ வந்துவிட்ட மாதிரி செருப்பைக் கழற்றப் போகிறேன். ஓவியக் கூடத்தில் வடக்கு வெளிச்சம் தண்ணீர் மாதிரி தேங்கி நிற்கிறது. பிள்ளைகள் வகுப்புக்குள் வருவதே இல்லை. படிக்கட்டில் உட்கார்ந்து படிக்கட்டையே வரைகிறார்கள்.

விழாவில் அம்மா பக்கத்து நாற்காலி அம்மாளிடம், "இந்தக் கூரை என் பையன் போட்டது" என்றாள். அந்த அம்மாள், "கூரை போடுற வேலையா பாக்குறாரு?" என்று கேட்டாள். அம்மா விடவில்லை. "இல்ல, போடச் சொல்ற வேலை" என்றாள்.

இனி குறைகள். கை கழுவும் தொட்டியை யார் உயரத்துக்கு அளந்தாய், உன் உயரத்துக்கா? என் மாணவிகள் நுனிக்காலில் நின்று கை கழுவுகிறார்கள். சிற்பக் கூடத்துக் கதவில் கல் ஏற்றிவரும் தள்ளுவண்டி நுழையவில்லை. இதெல்லாம் சமாளிக்கலாம். ஒன்றுதான் உறுத்துகிறது. என் அச்சுக் கூடத்துக்கு ஒட்டினாற்போல் ஆசிட் அறை இருக்கிறதே, அதற்கு மேலே கூரையைத் தாண்டிப் போகிற மாதிரி ஒரு புகைபோக்கி வரைந்திருந்தாய். நம் சாப்பாட்டு மேசையில் விரித்துக் காட்டினாய். இப்போது அண்ணாந்து பார்த்தால் அது இல்லை. படம் அச்செடுக்க, கோடு கீறிய செப்புத் தகட்டை அரிக்கவென்று ஆசிட்டில் இறக்கினால் எழும் பழுப்புப் புகையை நீ அறியாதவனா? சின்ன வயதில் என்னோடு கொட்டகைக்கு வந்து மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றவன்தானே. அந்தப் புகைபோக்கி எங்கே போயிற்று?

வேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அக்கா


ஜூன் 27

என் அன்பு அக்காவுக்கு,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் பாதியை மட்டும் இன்னும் பத்து முறை படித்தேன். அலுவலகத்தில் எல்லாருக்கும் படித்துக் காட்டினேன். "போடச் சொல்ற வேலை" என்பது இப்போது இங்கே எனக்குப் பட்டப் பெயராகிவிட்டது. அம்மாவிடம் சொல்.

தொட்டி என் தவறு, ஒப்புக்கொள்கிறேன். மாணவிகளுக்கு ஒரு பலகை போட்டுக்கொடு. கதவைப் பொறியாளரிடம் சொல்லி அகலப்படுத்துகிறேன்.

புகைபோக்கியை நான்தான் எடுத்தேன். கோபப்படாமல் கேள். அந்தக் கூரை பேனாவை எடுக்காமல் ஒரே இழுப்பில் போட்ட கோடு மாதிரி வர வேண்டும். அதற்காகத்தான் ஒரு வருடம் மண்டையை உடைத்துக்கொண்டேன். நடுவில் ஒரு குழாய் நீட்டிக்கொண்டு நின்றால், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டைப் பையில் பல் துலக்கும் பிரஷைச் சொருகின மாதிரி இருக்கிறது. எத்தனை விதமாக வரைந்து பார்த்தும் மனசு ஒப்பவில்லை. அதனால் புகையைச் சுவர் வழியாக இழுக்க ஒரு விசிறி வைத்திருக்கிறேன். பொறியாளரும் பார்த்துச் சரி என்று கையெழுத்துப் போட்டுவிட்டார். வேண்டுமானால் ஜன்னலையும் திறந்து வைத்துக்கொள்.

இன்னொரு சேதி. கட்டடத்தை விருதுக்கு அனுப்பியிருக்கிறோம். ஆகஸ்ட் மாதம் நடுவர்கள் நேரில் வருவார்கள். என் வாழ்க்கையில் இதற்கு முன் யாரும் என் கட்டடத்தை நேரில் பார்க்க வந்ததில்லை, அக்கா. அவர்கள் கேட்டால் நல்லதாக நாலு வார்த்தை சொல். தொட்டியைப் பற்றி வாயைத் திறந்தாயோ, அம்மாவிடம் போட்டுக் கொடுத்துவிடுவேன்.

உன் அன்புத் தம்பி


ஆகஸ்ட் 30

அன்புள்ள தம்பிக்கு,

அம்மாவுக்கு மூட்டு வலி கொஞ்சம் குறைந்திருக்கிறது. நீ அனுப்பிய தைலத்தைத் தடவுவதைவிட, மகன் அனுப்பியது என்று அக்கம்பக்கத்தில் காட்டித்தான் குணமாகிறாள்.

ஜன்னலைத் திறந்து வைக்கச் சொல்லியிருந்தாய். அந்த ஜன்னல் திறக்காது. கண்ணாடியை நாலு பக்கமும் ஒட்டி வைத்திருக்கிறார்கள். ஏசி காற்று வெளியே போகக் கூடாதாம். உன் விசிறி புகையை இழுக்கத்தான் செய்கிறது. ஆனால் உள்முற்றத்தில் கொண்டுபோய் விடுகிறது. முற்றத்துக்கு நாலு பக்கமும் சுவர். புகை அங்கே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, கதவு திறக்கும்போதெல்லாம் விருந்தாளி மாதிரி மறுபடி உள்ளே வருகிறது. பொறியாளரைக் கேட்டேன். "மேடம், வரைபடத்துல என்ன இருக்கோ அதைத்தான் போட்டோம்" என்கிறார்.

இப்போதைக்கு ஆசிட்டில் நிறையத் தண்ணீர் கலந்து, ஒரு நேரத்தில் ஒருவர்தான் உள்ளே என்று வைத்திருக்கிறேன். அதில் ஒரு தகடு முடிய நாள்கணக்காகிறது. இறுதி ஆண்டுப் பிள்ளைகள் பதறுகிறார்கள். அவர்களில் ஒருத்தியைக் குருவி என்று கூப்பிடுவோம். ஆளும் அப்படித்தான், ஓரிடத்தில் உட்கார மாட்டாள். அப்பா நகரப் பேருந்து ஓட்டுநர். அவருடைய வண்டியின் கடைசி இருக்கையிலிருந்து தெரியும் முதுகுகளைப் பெரிய பெரிய தகடுகளில் செதுக்கிக்கொண்டிருக்கிறாள். முகமே கிடையாது, வெறும் முதுகுகள். ஒவ்வொரு முதுகும் என்ன நினைக்கிறது என்று பார்த்தவுடனே தெரிகிறது. எனக்கு இப்படி ஒரு மாணவி இதற்கு முன் அமைந்ததில்லை.

நடுவர்கள் வந்து போனார்கள். அதில் ஒரு அம்மாள் கூட்டத்திலிருந்து விலகி என்னிடம் வந்து, "இங்க வேலை செய்றதுக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டாள். எனக்குச் சட்டென்று உன் முகம் வந்தது. "வெளிச்சம் ரொம்ப நல்லா இருக்கு" என்றேன். அது பொய் இல்லை. ஆனால் அவள் கேட்டதற்குப் பதிலும் இல்லை.

இந்தப் பருவம் முடிவதற்குள் அந்தப் புகைபோக்கியை வைத்துக்கொடு. கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
அக்கா


செப்டம்பர் 20

என் தங்க அக்காவுக்கு,

கிடைத்துவிட்டது! நேற்றுதான் சொன்னார்கள். அம்மாவுக்குப் போன் பண்ணியபோது நீ வகுப்பில் இருந்தாயாம். அம்மா போனை மேசையில் வைத்துவிட்டு அழப் போய்விட்டாள். நான் இங்கே "அம்மா, அம்மா" என்று கத்திக்கொண்டிருந்தேன்.

நடுவர்களின் அறிக்கையில் ஒரு வரி: "இங்கு பணிபுரிவோர் இதன் வெளிச்சத்தைப் புகழ்கிறார்கள்." பார்த்தாயா? அது நீ. உன் வாயிலிருந்து எனக்கு நல்ல வார்த்தை வாங்க ஒரு நடுவர் குழுவே வர வேண்டியிருந்தது.

புகைபோக்கி விஷயத்தை மறக்கவில்லை. ஆனால் இப்போது கூரையில் கை வைக்க முடியாது, அக்கா. புகைப்படக்காரர்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். ஜனவரியில் விருது கொடுக்கிறார்கள். அது முடிந்ததும் நானே வந்து ஒரு வழி பண்ணுகிறேன். அதுவரை பிள்ளைகளை முகமூடி போட்டுக்கொள்ளச் சொல். கொட்டகையில் நீங்கள் பார்க்காத புகையா?

அம்மாவுக்கு என் முத்தங்கள்.

தம்பி


நவம்பர் 8

தம்பிக்கு,

போனில் சொல்ல வராததால் எழுதுகிறேன்.

குருவி மருத்துவமனையில் இருக்கிறாள். தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்திருக்கிறார்கள். போன செவ்வாய்க்கிழமை மதியம் அவளுடைய கடைசிப் பெரிய தகட்டை ஆசிட்டில் இறக்கினாள். தண்ணீர் கலந்த ஆசிட்டில் கோடுகள் ஆழமாக விழவில்லை, கொஞ்சம் காரமாகப் போட்டுக்கொள்கிறேன் என்று கேட்டாள். சமர்ப்பிக்கும் நாள் நெருங்கிவிட்டது. நான்தான் சாவியைக் கொடுத்தேன். முகமூடியும் போட்டிருந்தாள். அந்த முகமூடி தூசிக்குத்தான் ஆகும், இந்தப் புகைக்கு ஆகாது. தகட்டில் ஏறும் குமிழ்களை இறகால் தள்ளிக்கொண்டே நிற்க வேண்டும், விட்டு நகர முடியாது. மதியம் பூராவும் அதன் மேல் குனிந்து நின்றிருக்கிறாள்.

வெளியே வந்தபோது இருமினாள். "என்ன?" என்றேன். "ஒண்ணுமில்ல மேடம், தொண்டை கரகரங்குது" என்று சிரித்தாள். தகட்டைத் தூக்கிக் காட்டினாள். நான் தகட்டைத்தான் பார்த்தேன்.

இந்தப் புகை உடனே காட்டாதாம். உள்ளே போய் உட்கார்ந்துகொண்டு, சில மணி நேரம் கழித்து நுரையீரலில் தண்ணீர் கோத்துவிடுமாம். டாக்டர் சொன்னார். சாயங்காலம் அவள் வழக்கம்போல் அப்பாவின் பேருந்தில் ஏறியிருக்கிறாள், அதே கடைசி இருக்கையில். கடைசி நிறுத்தத்தில் எல்லாரும் இறங்கியும் அவள் இறங்கவில்லை. மருத்துவமனை வராந்தாவில் அவர் என்னிடம் திரும்பத் திரும்ப ஒன்றையே சொன்னார்: "கண்ணாடியில பாத்தேன் மேடம். தூங்குதுன்னு நெனச்சேன். தூங்கட்டும்னு மெதுவா ஓட்டினேன்."

பல்கலைக்கழகம் விசாரணைக் குழு போட்டிருக்கிறது. துறைத்தலைவர் என்னைத் தனியாக அழைத்து, அனுமதி இல்லாமல் மாணவி உள்ளே போனதாக நான் எழுதிக்கொடுத்தால் எல்லாருக்கும் நல்லது என்றார். அந்தப் பிள்ளை மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருக்கும்போது அவள் தலையிலேயே கட்டப் பார்க்கிறார்கள்.

நீ ஒன்று செய். அவர்கள் கண்டுபிடிப்பதற்கு முன்னால் நீயே எழுதிவிடு. புகைபோக்கி இருந்தது, நான் எடுத்தேன் என்று இரண்டே வரி. நீ சொன்னால் அதற்கு ஒரு மரியாதை இருக்கும்.

அக்கா


நவம்பர் 19

அக்காவுக்கு,

அந்தப் பெண்ணை நினைத்தால் சாப்பாடு இறங்கவில்லை. அதை முதலில் நம்பு.

ஆனால் நீ கேட்பதை என்னால் செய்ய முடியாது. வக்கீலைப் பார்த்தேன். யாருக்கும் ஒரு வரிகூட எழுதக் கூடாது என்கிறார். உனக்கு எழுதுவதையே நிறுத்தச் சொன்னார். இங்கே என்னை நம்பி பதினோரு பேர் வேலை பார்க்கிறார்கள். நான் எழுதிக்கொடுத்தால் அன்றைக்கே அலுவலகத்தை மூட வேண்டியதுதான். அதற்குப் பிறகு என் பெயரைச் சொல்லி ஒரு கோழிக்கூண்டுகூட யாரும் கட்ட மாட்டார்கள்.

அந்தப் பெண் தப்பு செய்தாள் என்று சொல்லச் சொல்லவில்லை. புகைபோக்கியைப் பற்றி நீயாக எதுவும் பேசாதே, அவ்வளவுதான். கேட்டால் வரைபடமெல்லாம் எனக்குப் புரியாது என்று சொல்லிவிடு.

இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. சொல்லாமல் விட்டால் வேறு யாராவது உன்னிடம் இதைவிட மோசமாகச் சொல்வார்கள். உனக்கும்தான் தெரியும், அக்கா. ஜூன் மாதமே தெரியும். என்னிடம் மட்டும்தான் சொன்னாய். ஒரு தடவை துறைத்தலைவருக்கு எழுதியிருந்தால் அந்த அறையை அன்றைக்கே பூட்டியிருப்பார்கள். ஏன் எழுதவில்லை? தம்பி கட்டிய கட்டடம் என்றுதானே? குழு அதைத்தான் முதலில் கேட்கும். நான் விழுந்தால் நீயும் விழுவாய். அம்மா ரெண்டு பேரையும் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

யோசித்துச் செய்.

தம்பி


டிசம்பர் 15

தம்பிக்கு,

யோசித்தேன். உன் கடிதத்தில் நீ எழுதியது அத்தனையும் உண்மை. அதனால்தான் அதைப் படித்துவிட்டு ஒரு வாரம் உன் மேல் கோபப்படக்கூட முடியவில்லை.

விசாரணை போன வெள்ளிக்கிழமை நடந்தது. எங்கே நடந்தது தெரியுமா? உன் கட்டடத்தில்தான், மாடிக் கூட்ட அறையில். நீளமான மேசைக்கு அந்தப் பக்கம் ஐந்து பேர், இந்தப் பக்கம் நான். அங்கே பேசியதை வேறு யார் வாயிலிருந்தும் நீ கேட்கக் கூடாது. அதனால் அப்படியே எழுதுகிறேன்.

"மாணவி அனுமதி இல்லாம உள்ள போனாங்களா?" என்றார் குழுத் தலைவர்.

"இல்ல. சாவிய நான்தான் கொடுத்தேன்."

துறைத்தலைவர் நாற்காலியில் நெளிந்தார்.

"புகை வெளிய போக வழி இல்லைன்னு உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"திறந்த வாரமே தெரியும்."

"யார்கிட்ட சொன்னீங்க?"

"கட்டடத்த வடிவமைச்சவர்கிட்ட."

"துறையில யார்கிட்டயும் சொல்லலையா?"

"சொல்லல."

"ஏன் சொல்லல?"

"அவர் என் தம்பி. அவருக்குக் கெட்ட பேரு வரக் கூடாதுன்னு நெனச்சேன்."

பிறகு தலைவர் கொஞ்சம் மெதுவாகக் கேட்டார். "அவர் என்ன பதில் சொன்னாரு?"

நான் தண்ணீர் குடித்தேன். எனக்கு அந்த நேரத்தில் வேறு எந்தப் பதிலும் வரவில்லை, தம்பி. எவ்வளவோ தேடினேன்.

"கூரை அழகா வரணும்னு சொன்னாரு" என்றேன்.

குழுவில் இருந்த ஒருவர் அண்ணாந்து பார்த்தார். மற்றவர்களும் பார்த்தார்கள்.

என்னை அச்சுக் கூடத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். இனி எழுத்துத் தேர்வுத் தாள் திருத்துவதோடு சரி. அதில் எனக்கு வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. ஆனால் முறையீடும் செய்யப் போவதில்லை.

குருவி பிழைத்துவிட்டாள். செயற்கை மூச்சை எடுத்துவிட்டார்கள். ஆனால் நுரையீரலில் பாதிதான் மிச்சம் என்கிறார் டாக்டர். படி ஏறக் கூடாது, ஓடக் கூடாது. ஆசிட் பக்கம் இனி தலை வைத்தும் படுக்க முடியாது. அவள் எழுந்ததும் என்னிடம் கேட்டது, "தகடு என்ன மேடம் ஆச்சு?"

அம்மா என்னிடம் பேசுவதில்லை. அன்று வந்து நடந்ததைச் சொன்னதும், "பெத்தவ நான் இருக்கேன்னுகூட உனக்குத் தோணலையா? அவனை விட்டுக் குடுத்துட்டியே" என்றாள். அதோடு சரி. தேநீரை எனக்கும் போட்டு வைக்கிறாள். கொண்டுவந்து கொடுப்பதில்லை, அடுப்பு மேடையிலேயே வைத்துவிட்டுப் போகிறாள்.

நான் செய்தது சரி என்று உன்னிடம் வாதாட வரவில்லை. என்னைத் திட்டவாவது எழுது.

அக்கா


மார்ச் 3

அன்புள்ள தம்பிக்கு,

ஜனவரியில் ஒன்றும் பிப்ரவரியில் ஒன்றும் எழுதினேன். பதில் இல்லை. விருதை நீயே வேண்டாம் என்று சொல்லிவிட்டதாகவும், அலுவலகத்தை உன் கூட்டாளியிடம் கொடுத்துவிட்டு விலகிவிட்டதாகவும் செய்தித்தாளில்தான் படித்தேன். அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் செய்தித்தாளை எடுத்துத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறாள்.

கூரையை அறுத்துப் புகைபோக்கி வைத்தாயிற்று. பார்க்க நன்றாக இல்லை. நீ சொன்னது சரிதான்.

நேற்று குருவியைப் பார்க்கப் போயிருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் போவது வழக்கமாகிவிட்டது. அவர்களுடைய வீடு முதல் மாடியில் இருந்தது. படி ஏற முடியாததால் கீழே ஒரு சின்ன இடத்துக்கு மாறியிருக்கிறார்கள். தெருவை ஒட்டின அறை. கட்டிலில் சாய்ந்துகொண்டு பென்சிலில் வரைகிறாள். நாலு வாக்கியம் பேசினால் நிறுத்தி மூச்சு வாங்குகிறாள். வாங்கிக்கொண்டு மறுபடி பேசுகிறாள். பேச்சுக்குக் குறைவில்லை.

கிளம்பும்போது அவள் அப்பா வாசல் வரைக்கும் வந்தார். "உங்க தம்பி வந்துட்டுப் போனாரு மேடம்" என்றார்.

எனக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்தேன். "யாரு?" என்றேன்.

"உங்க தம்பி. போன வாரம். உங்ககிட்ட சொல்லலையா?"

அவராகவே சொன்னார்.

"கதவத் தட்டினாரு. யாருன்னு கேட்டேன். 'அந்தக் கட்டடத்த நான்தான் வரைஞ்சேன், புகைபோக்கிய எடுத்ததும் நான்தான்'னு நின்ன இடத்துலயே சொன்னாரு. எனக்கு என்ன பண்றதுன்னு தெரியல. அடிச்சிருவேனோன்னு பயந்து வெளிய போயிட்டேன். தெருமுனை வரைக்கும் போய், நின்னு, நின்னு, திரும்பி வந்தேன். வந்து பாத்தா அவரு இன்னும் அங்கயே உக்காந்திருக்காரு. பாப்பா அவருக்குத் தண்ணி குடுத்திருக்கு. ஏதோ வரைஞ்சு காட்டிக்கிட்டு இருக்கு."

"என்ன பேசினான்?" என்று கேட்டேன்.

"பெருசா ஒண்ணும் பேசல. போறப்ப, திரும்ப வரலாமான்னு கேட்டாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நான் ஒண்ணும் சொல்லல. பாப்பாதான் 'வாங்க'ன்னுச்சு."

அவர்கள் தெருவிலிருந்து நம் வீட்டுக்கு ஒரே பேருந்து. நீ அந்த நிறுத்தத்தில்தான் நின்றிருப்பாய். நம் வீட்டுப் பக்கம் போகும் வண்டி வந்திருக்கும். அதில் ஏறாமல் விட்டிருக்கிறாய்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். இத்தனை நாளுக்குப் பிறகு அம்மா என் முகத்தைப் பார்த்துப் பேசினாள். "இளைச்சிருக்கானான்னு கேட்டியா?" என்றாள். எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. "ஒண்ணு கேட்டா ஒண்ண விட்டுட்டு வந்திருவே" என்று திட்டினாள். அந்தத் திட்டு எனக்கு வேண்டியிருந்தது. பிறகு இரண்டு பேரும் அழுதோம். அவள் எதற்கு அழுதாள் என்று எனக்குத் தெரியும். நான் எதற்கு அழுதேன் என்றுதான் தெரியவில்லை. நீ அங்கே போனாயே என்றா, இங்கே வரவில்லையே என்றா.

இதற்குப் பதில் எழுத வேண்டாம். இனி நானாக எழுதி உன்னைத் தொந்தரவு செய்ய மாட்டேன். என் முகத்தைப் பார்க்கிற போதெல்லாம் உனக்கு அந்த மேசையும் ஐந்து பேரும்தான் தெரிவார்கள் என்றால், நான் என்ன செய்ய முடியும்? அம்மாவுக்கு மட்டும் போன் பண்ணு. காலையில் நான் வேலைக்குப் போய்விடுகிறேன். அப்போது அவள்தான் எடுப்பாள்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அங்கே இருப்பேனோ என்று யோசித்து வராமல் இருந்துவிடாதே. நான் வேறு நாளுக்கு மாற்றிக்கொள்கிறேன். இந்த வீட்டுக்கு நீ வராவிட்டாலும் பரவாயில்லை, அந்த வீட்டுக்குப் போவதை நிறுத்திவிடாதே. அவள் உன்னை வரச் சொல்லியிருக்கிறாள்.

அக்கா